பெயரை ஆடிக் காட்டிய பிள்ளைகள் எங்கே போனார்கள்

ஸ்ருட்காட்,
01.12.2025

என் அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னதை மூன்று நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். நீ வால்டோர்ஃப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று தெரிந்ததும் உன்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் "அப்படியென்றால் உன் பெயரை ஆடிக் காட்டு, பார்ப்போம்" என்று, எழுத்துக்கு ஓர் அசைவு வைத்து ஆடும் உங்கள் யூரித்மி பாடத்தை வைத்துப் பகிடி விட்டதாகவும், நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில், உன்னோடு படித்தவர்களும் உங்களுக்குப் படிப்பித்தவர்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்ததாகவும் சொன்னாய். பிறகு, ஒஸ்லோவில் ஒரு ஸ்டைனர் பள்ளியில், அதாவது அங்கத்தைய வால்டோர்ஃப் பள்ளியில், முதலாம் வகுப்புக்கு ஆசிரியை தேடுகிறார்கள், சுரங்கப் பாதை வேலையை விட்டுவிட்டு அதற்குப் போகலாமா என்று கேட்டாய். இரண்டையும் நீ வேறு வேறு கதையாகச் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. தொலைபேசியில் கதைத்தால் அப்பா இடையில் புகுந்துவிடுவார் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் பழைய பள்ளியில் நத்தார்ச் சந்தை நடந்தது. தேன்மெழுகுத் திரியும் கம்பளி பொம்மையும் விற்கும் அதே மண்டபம், அதே அப்பிள் கேக். அங்கே உங்கள் வகுப்பாசிரியையைக் கண்டேன். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது. முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, 1997 முதல் 2005 வரை, ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து உள்ளே விட்ட மனுசி, என் கையைப் பிடித்தவுடன் முதலில் உன்னைத்தான் விசாரித்தார். நீ கேட்டதை அவரிடமே கேட்டேன். முப்பத்துநான்கு பிள்ளைகளையும் நீங்கள் இருந்த கதிரை வரிசைப்படி ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தலை சுற்றியது.

கதவோரம் இருந்த பெடியன் அல்கொய் பக்கம் தச்சு வேலைப் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் இருந்தவள் மயக்க மருந்து வைத்தியர். எப்போதும் அழுகிற அந்தச் சின்னவன் வரிக் கந்தோரில் இருக்கிறானாம்; இப்போது மற்றவர்களை அழ வைக்கிறான் என்று சொல்லி ஆசிரியை சிரித்தார். இரண்டு பேர் ஆசிரியர்கள், மூன்று பேர் பொறியாளர்கள், ஒருத்தி ஆடு வளர்க்கிறாள். ஐந்தாம் வகுப்போடு விலகிப் போன பிள்ளையின் பெயர் வந்தபோது மட்டும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராததைப் "பொறுத்திருங்கள், தானாக வரும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார்களாம். வளர்ந்த பிறகு ஒருமுறை தெருவில் கண்டபோது, அந்தப் பள்ளியை நினைக்கவே பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாம். "அந்த ஒன்றை நான் சுமக்கிறேன்" என்றார். நீ யோசிக்கும் வேலைக்குள் இதுவும் இருக்கிறது என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

வால்டோர்ஃப் பள்ளிகளில் படித்துப் பெரிய ஆளானவர்களை அப்பா அடுக்கும் பட்டியல் உனக்கு நினைவிருக்கும். புள்ளி போடாத பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டார்கள் என்று சொந்தக்காரர் கலியாண வீடுகளில் குத்திக் கதைக்கும்போது, அப்பா சட்டைப் பையிலிருந்து எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக எடுத்து விடுவார். பிறகு 2013இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற தோமஸ் சூடோஃப், ஹனோவர் வால்டோர்ஃப் பள்ளியில் படித்தவர் என்று தெரிந்த நாளில், அப்பா இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். போர்ஷே 911 காரை வடிவமைத்த ஃபெர்டினான்ட் அலெக்சாண்டர் போர்ஷே நம் ஸ்ருட்காட்டிலேயே இந்த முறையில் படித்தவர். எழுத்தாளர் மிஹாயேல் எண்டேயும் போருக்குப் பின் இங்கே படித்தவர். உன் ஊரிலேயே யென்ஸ் ஸ்டோல்டன்பேர்க் இருக்கிறார்: ஒஸ்லோவின் ஸ்டைனர் பள்ளிப் பிள்ளை, பிரதமராக இருந்து, 2014 முதல் 2024 வரை நேட்டோவின் பொதுச் செயலாளராக இருந்து, இந்த வருடம் நிதி அமைச்சராகத் திரும்பி வந்திருக்கிறார். அடுத்த முறை அந்த ஜேர்மன்காரர் பகிடி விட்டால், அமைச்சரையும் ஆடச் சொல்லிக் கேட்கட்டும்.

ஆனால் இந்தப் பட்டியலை நான் ஒருபோதும் நம்பியதில்லை. எந்தப் பள்ளியிலும் பத்துப் பெரிய பெயர்கள் தேறும். ஹைனர் பார்ட்ஸ், டிர்க் ராண்டோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜேர்மனியில் 1,100க்கு மேற்பட்ட முன்னாள் மாணவர்களை விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்குக் கொஞ்சம் உதவியது. அதில் அதிகம் தென்பட்ட தொழில்கள் ஆசிரியரும் பொறியாளரும். நீ பொறியாளராகி இப்போது ஆசிரியையாக யோசிக்கிறாய்; ஆய்வுக்காரர்களுக்கு உன்னை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாது. அப்படிப்பட்ட கேள்வித்தாள்களை நிரப்பி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியோடு மனத்தாங்கல் இல்லாதவர்கள் என்பதையும் கணக்கில் எடு. ஐந்தாம் வகுப்போடு போன அந்தப் பிள்ளை நிரப்பி அனுப்பியிருக்காது.

பட்டியலில் எனக்குப் பிடித்த பெயர் ஒன்றுதான், அதுவும் அவருக்காக அல்ல. 2001 முதல் 2018 வரை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தை நடத்திய கெனத் செனோல்ட், நியூயோர்க்குக்கு அருகில் கார்டன் சிட்டி வால்டோர்ஃப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி அங்கே எப்படி வந்தது என்று தேடிப் போனபோதுதான் நான் ஹெர்மன் ஃபொன் பாரவாலேயைக் கண்டுபிடித்தேன். அவர் ஸ்ருட்காட்டின் முதல் வால்டோர்ஃப் பள்ளியில் கணிதம் படிப்பித்தவர். 1937இல் அமெரிக்கா போய், அங்கே அடெல்ஃபி கல்லூரியில் கணிதம் படிப்பித்து, 1947இல் அந்தக் கல்லூரியோடு சேர்ந்த பள்ளி ஒன்று உருவாகக் காரணமாக இருந்தார். அதுதான் கார்டன் சிட்டிப் பள்ளி.

நானும் கணித ஆசிரியை. வடமராட்சியில் ஆறு வருடம் படிப்பித்துவிட்டு 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து, பத்து வருடம் அலுவலகங்களின் தரையைத் துடைத்தவள். ஆகையால் மாணவர்கள் எங்கே போனார்கள் என்பதைவிட, ஆசிரியர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விதான் என்னை உறங்க விடவில்லை.

அந்த முதல் பள்ளியின் கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய், ஆனால் பாதிதான் தெரியும். எமில் மோல்ட் என்ற முதலாளி தன் வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஊலண்ட்ஸ்ஹேயே மேட்டில் ஒரு உணவகத்தை வாங்கி, இந்தக் கல்வி முறையை வகுத்த ருடோல்ஃப் ஸ்டைனரை அழைத்துப் பள்ளி தொடங்கினார். 1919 செப்டெம்பர் 7இல் திறந்தபோது 256 பிள்ளைகள், அவர்களில் 191 பேர் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆசிரியர்கள் 12 பேர். சிகரெட்டுக்கு அந்தப் பெயர் வந்தது நியூயோர்க்கில் அஸ்டர் குடும்பம் கட்டிய வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலால். ஹோட்டலுக்கு வந்தது அந்தக் குடும்பத்தின் ஜேர்மன் சொந்த ஊரான வால்டோர்ஃபால். உன் மச்சான் கணினி வேலைக்குப் போய்வருகிறானே, அதே ஊர்தான். சிகரெட் நிறுவனம் 1929இல் வேறு ஒன்றோடு சேர்ந்து மறைந்துவிட்டது. புகை போன பிறகும் பெயர் மட்டும் 1,200க்கு மேற்பட்ட பள்ளிகளின் வாசலில் நிற்கிறது.

அந்த ஆசிரியர்கள் சிதறிய வரிசையைப் பார். வால்டர் யோஹனஸ் ஸ்டைன் 1933இல் இலண்டன் போனார். பள்ளி மருத்துவர் ஒய்கன் கொலிஸ்கோ 1936இல் அவருக்குப் பின்னால் இலண்டன் போய், மூன்று வருடத்தில் இறந்துபோனார். 1934இல், யூத வம்சம் என்பதற்காக, ஏர்ன்ஸ்ட் லேர்ஸ், ஃபிரீட்ரிக் ஹீபல், அலெக்சாண்டர் ஸ்ட்ராகோஷ், கார்ல் சூபேர்ட் ஆகிய நான்கு பேரும் விலக வேண்டி வந்தது. லேர்ஸ் நெதர்லாந்து வழியாக இங்கிலாந்துக்கும், ஹீபல் வியன்னா வழியாக அமெரிக்காவுக்கும் போனார்கள். நான்கு பேரை விட்டுக்கொடுத்தும் பள்ளி பிழைக்கவில்லை. 1938இல் நாஜி அரசு அதை மூடியது. அந்த நான்கு வருடங்களில் பள்ளி நடந்துகொண்ட விதத்தில் வளைந்து கொடுத்தலும் இருந்தது, அதை வீரக்கதையாக்கிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஆயுதம் வைத்திருப்பவன் வாசலில் நிற்கும்போது ஒரு பள்ளிக்கூடம் எப்படி மூச்சு விடும் என்பதைப் பார்த்தவள் நான். குளிரூட்டிய அறையில் இருந்து தீர்ப்புச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

சூபேர்ட் மட்டும் எங்கேயும் போகவில்லை. வகுப்போடு ஓட முடியாத பிள்ளைகளுக்கான துணை வகுப்பை நடத்தியவர் அவர். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் உயிரோடு இருக்கத் தகுதியற்றவர்கள் என்று ஓர் அரசு முடிவு செய்து கொன்றுகொண்டிருந்த காலத்தில், ஆசிரியர் குழுவிலிருந்து நீக்கப்பட்ட, யூத வம்சத்து மனிதர் ஒருவர், பள்ளியே மூடப்பட்ட பிறகும், அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாக வைத்துப் படிப்பித்துக்கொண்டே இருந்தார். போர் முடிந்து 1945 ஒக்டோபரில் பள்ளி மீண்டும் திறந்தது. அவர் 1949இல் இறந்தார். இன்று அவர் பெயரில் இதே நகரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. உனக்குப் பேருந்தில் அந்தப் பெயரை வாசித்துக் காட்டியிருக்கிறேன், அப்போது எனக்கே யார் என்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டைனர் சில விரிவுரைகளில் மனித இனங்களைத் தரம் பிரித்துப் பேசியிருக்கிறார். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அதை ஒருவர் எனக்குச் சொன்னார், அன்று இரவு முழுவதும் உன் கறுத்த சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஜேர்மன் வால்டோர்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு எல்லாவிதப் பாகுபாட்டையும் மறுத்து ஸ்ருட்காட் பிரகடனத்தை வெளியிட்டது 2007இல்தான். நீ பத்தாம் வகுப்பில், நிலம் அளக்கும் பயிற்சிக்குப் போன வருடம். நான் உன்னை விலக்காததற்குக் காரணம் பிரகடனமல்ல, உங்கள் ஆசிரியை. யூரித்மி வகுப்பில் உன் பெயருக்கு அசைவு அமைத்தபோது, அதில் வரும் ழகரத்துக்கு அவர்களிடம் அசைவே இல்லை. லகரத்தை வைத்துச் சமாளிக்காமல், என்னை வரவழைத்து, நாக்கு எங்கே மடிகிறது என்று கேட்டு, கையை உள்ளே சுருட்டி ஒன்றைக் கண்டுபிடிக்க வைத்தார். ஆகவே, உன் பெயரை ஆடிக் காட்டு என்று கேட்டால் நீ தாராளமாக ஆடலாம்.

உன் ஆறாம் வகுப்புக் கேத்திரகணிதக் கொப்பியை நேற்று எடுத்துப் பார்த்தேன். பாடப்புத்தகம் இல்லாமல் நீங்களே எழுதி வரைந்த கொப்பி. வட்டத்தில் 24 புள்ளிகள், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்க்கும் கோடுகள், நீலத்திலிருந்து ஊதாவுக்கு. 24ஐ 23ஆல் பெருக்கி இரண்டால் பிரித்தால் 276 வர வேண்டும். அந்தக் காலத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், 275தான் இருந்தது. ஆசிரியை ஏன் சிவப்பு மையால் வட்டம் போடவில்லை என்று கோபத்தோடு பள்ளிக்குப் போனேன். அவர் சொன்னார்: "நானும் எண்ணினேன். அவள் எப்போது எண்ணுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்." நீ எண்ணினாயோ என்னவோ, இன்றைக்கும் 275தான் இருக்கிறது. பாரவாலே கணிதத்தை இப்படி வரைந்து படிப்பிப்பதில் பெயர் போனவர் என்று பிறகு வாசித்தபோது, அவர் கப்பலேறிக் கொண்டு போனது என்ன என்று எனக்கு விளங்கியது.

இனி உன் வேலையைப் பற்றி. சம்பளம் குறையும், அதை அப்பா சொல்வார், நான் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பயம் வேறு. வால்டோர்ஃப் மரபுப்படி ஒரு வகுப்பை எடுத்தால் எட்டு வருடம். மூன்றாம் வருடத்தில் சலித்துவிட்டது என்று பாலத்தையோ சுரங்கத்தையோ அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வருவதுபோல அந்தப் பிள்ளைகளை விட்டு வர முடியாது. பாதியில் வகுப்பை விட்டு வந்தவள் நான். துவக்குக்குப் பயந்து வந்தேன், சலித்து வரவில்லை, ஆனாலும் முன் வரிசையில் இருந்த நாற்பது முகங்களும் இன்னும் என்னிடம் கணக்குக் கேட்கின்றன. மற்றபடி உனக்கு அந்த வேலை வரும் என்றே நினைக்கிறேன். பொறுமை உனக்கு என்னைவிட அதிகம், சத்தம் குறைவு.

உங்கள் ஆசிரியை சொல்லி அனுப்பியது இது: ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு கிழமை விடுப்பு எடுத்து, அந்தப் பள்ளியின் முதலாம் வகுப்பில் பின் கதிரையில் பேசாமல் இருந்து பார்க்க வேண்டுமாம். திங்களும் செவ்வாயும் எல்லாம் அழகாகத் தெரியும், வியாழக்கிழமை எப்படி இருந்தது என்று தனக்குச் சொல்ல வேண்டுமாம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். கொப்பியை மிளகாய்த்தூள் பொதியோடு சேர்த்து அனுப்புகிறேன், தூள் படாமல் இரண்டு பையில் சுற்றியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா