அந்தக் கடைசி வரியை டைப் அடித்தவள் எழுதுகிறேன்

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கபடி நடத்தும் விழாக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

களக்காட்டுப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேர் என் நோட்டீஸையாவது பார்த்திருப்பீர்கள். மேலே சாமி படம், நடுவில் சிவப்பில் வளைத்துப் போட்ட 'மாபெரும் மின்னொளி எழுவர் கபடிப் போட்டி', கீழே பரிசு வழங்குபவர்கள் பெயரும் போட்டோவும். இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒட்டுகிற நோட்டீஸில் பாதி என் கம்ப்யூட்டரில் பிறந்ததுதான். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிப்பதில்லை. போன வருசத்து ஃபைலைத் திறந்து, ஊர்ப் பெயர், தேதி, பரிசுத் தொகை மூன்றையும் மாற்றிவிடுவேன். அடியில் இருக்கிற விதிமுறைகளை இதுவரை ஒருத்தர்கூட மாற்றச் சொன்னதில்லை. நடுவர் தீர்ப்பே இறுதியானது. நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. ஆட்டத்தின்போது ஏற்படும் காயங்களுக்கு விழாக் கமிட்டி பொறுப்பல்ல.

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான் முதல்முறையாக அதை வாசித்தேன்.

என் பையனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு. 41 கிலோ. எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் கெட்டி, தம் கட்டினால் 30 விநாடியும் நிற்பான். பாடி வருகிறவனைப் பிடித்து நிறுத்தும் கட்டு கட்டத் தெரியாது, மூட்டை மாதிரி விழுவான். 45 கிலோ அணிக்கு ஒரு ஆள் குறைகிறது என்று பயல்கள் வந்து நின்றபோது நான்தான் சரி என்று சொன்னேன். எந்த ஊர் ஆட்டம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊருக்கு நோட்டீஸ் அடித்ததும் நான்தான்.

நான் களத்துக்குப் போகவில்லை. மறுநாள் யாரோ ஸ்டேட்டஸில் போட்ட வீடியோவில்தான் பார்த்தேன். ராத்திரி ரெண்டரை மணி, அரையிறுதி. கூடுதல் புள்ளிக்காகப் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறான். கார்னரில், அதாவது ஓரத்தில், நின்ற பையன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் கவரில் நின்றவன் மோதித் தள்ள, டேஷ் அடிக்கப் பாய்கிறான், அவன் முழங்கால் என் பையன் பொட்டில் இடிக்கிறது. அவ்வளவு மைக் சத்தத்திலும் அந்த 'டொக்' கேட்கிறது. விழுந்தவன் எழவில்லை. ஒருத்தர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார், ஒருத்தர் ஸ்ப்ரே எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார், ரெண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நடத்துகிறார்கள். மைக்கில் இருந்த அண்ணாச்சி, "காயமடைந்த வீரர் மீண்டும் களம் இறங்குகிறார், கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்" என்கிறார். கைதட்டுகிறார்கள். மறுபடியும் பாடிப் போக அவனையே விடுகிறார்கள். நடுக்கோட்டில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் பாட வேண்டும் என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான்.

கூட்டம் சிரிக்கிறது. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த இடம்தான்.

வேனில் வரும்போது மூன்று தடவை கேட்டானாம், "ஏல, நாம ஜெயிச்சமா?" என்று. மூன்று தடவையும் பயல்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது தடவை என்னிடம் கேட்டான், வாசல்படியில் நின்று. கேட்டுவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தான். ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. 'அப்பாடா' என்றேன். அப்போதுதான் அந்த டாக்டரம்மா உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான். மூளை குலுங்கியது ஸ்கேனில் தெரியாது. கேட்டதையே கேட்பது, திசை தெரியாமல் முழிப்பது, வாந்தி, வெளிச்சம் கூசுவது, எல்லாம் அந்தக் குலுங்கலின் அடையாளம். மயக்கம் போட்டால்தான் அடி என்றில்லை, மயங்காமலே மூளை குலுங்கலாம். ஒரு குலுங்கல் ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கிப் போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்களுக்குத்தான் நடக்கும், உயிரையும் எடுக்கும்.

கைதட்டி உற்சாகப்படுத்தி என் பிள்ளையை அனுப்பியது அந்த ரெண்டாவது அடிக்குத்தான், அண்ணாச்சி. அந்த அடி விழவில்லை. எங்க குலசாமி புண்ணியம்.

ரெண்டு நாள் ஓய்வு, செல்போன் கூடாது. அப்புறம் முதலில் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் சரியாகப் போனபிறகு மெதுவாக ஓட்டம், அதற்கும் அப்புறம்தான் ஆட்டம். பிள்ளைகளுக்கு முழுசாக ஆற நாலு வாரம்கூட ஆகலாம் என்றார்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ரெண்டாவது வாரம்கூடக் கணக்கு நோட்டைத் திறந்தால் தலை வலிக்கிறது என்பான். படிக்காமல் இருக்கச் சாக்கு சொல்கிறான் என்று நான் திட்டியது இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு இன்னும் முடியவில்லை. 'ஒத்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு என்னத்துக்கு இந்த வம்பு' என்பது எங்க அத்தை கட்சி. என் அண்ணன் பேட்மிண்டன் சேர்த்துவிடச் சொல்கிறான். எங்க வீட்டுக்காரர்தான் ஆச்சரியம். அவர் ஒரு காலத்தில் ரைட் கார்னர். வலது முழங்காலில் லிகமெண்ட் அறுந்து, வைத்தியம் பார்க்காமல் எண்ணெய் போட்டுத் தடவியே விட்டதில், இன்றைக்கும் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் ஏறுவார். அவர் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "விளையாடட்டும். எனக்கு அன்னைக்கு இல்லாதத அவனுக்குச் செஞ்சு குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் தெருமுனைக்குப் போய், களத்தில் விளையாடுகிறவர்களின் செருப்புக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வருவான்.

நானும் கபடிக்கு எதிரி இல்லை. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர், 1995க்கான அர்ஜுனா விருது வாங்கியவர். மணத்தி இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரைக்கும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதானே. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை கார்த்திகா ஆடினாள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் யோசிப்பது அவ்வளவு தூரத்துக்கு இல்லை. செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஏழு பேரோடு சேர்ந்து மண்ணில் புரண்டு, தோற்றுப்போய், திட்டு வாங்கி, மறுநாளும் அங்கேயே போய் நிற்கிறான். அதை நான் வேறு எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன்?

அனுப்பலாமா கூடாதா என்று மூன்று மாதமாக வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம். கபடி ஆபத்தா என்று கேட்டால் யாராலும் ஒரே பதில் சொல்ல முடியாது. எந்தக் களம், எதிரே நிற்பது எத்தனை வயது, மணி என்ன, விசில் யார் கையில் என்று கேட்டால் சொல்லலாம். அது நாலும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எடை. நோட்டீஸில் '45 கிலோ' என்று போடச் சொல்கிறீர்கள். வயது போடச் சொல்வதில்லை. 45 கிலோவில் எட்டாம் வகுப்புப் பையனும் இருப்பான், மீசை முளைத்த ஒல்லிப் பையனும் இருப்பான். எடை ஒன்றாக இருக்கலாம், எலும்பு ஒன்று இல்லை. வளரும் பிள்ளைக்கு எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. குருத்து மாதிரி. பையன்களுக்கு அது மூட பதினாறு, பதினேழு வயதுகூட ஆகும். முற்றிய கை கணுக்காலைப் பிடித்துத் திருகினால், பெரிய ஆளுக்குச் சுளுக்காகிற இடத்தில் சின்னவனுக்கு அந்தத் தட்டு விலகிவிடும். சின்ன வயசுப் பிள்ளைகளுக்கான மாநில, தேசிய சப்-ஜூனியர் போட்டிகளில் வயது, எடை ரெண்டையும்தான் பார்க்கிறார்கள். நீங்களும் ரெண்டையும் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருவது என் கடைக்குத்தான். "யக்கா, இந்த 2008ஐ மட்டும் 2011 ஆக்கித் தாங்களேன்" என்று பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முன்னே கேட்காத வருசம் இல்லை. நான் செய்வதில்லை. செய்கிற கடையும் இருக்கும். நீங்கள் ஜெராக்ஸ் வாங்காதீர்கள், அசல் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் தராசு. வாழைத்தார் போடுகிற தராசில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்துகிறீர்கள், அது தப்பில்லை. ஆனால் ரெண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல், மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, வரிசையில் நின்று எச்சில் துப்பித் துப்பி எடை குறைத்தவனை அன்று ராத்திரியே களத்தில் விடுகிறீர்கள். 200 கிராம் கூடினவனைத் துரத்தாமல் அடுத்த பிரிவில் சேர்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

நேரத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. 45 கிலோ ஆட்டத்தைச் சாயங்காலம் வைத்து எட்டு மணிக்குள் முடியுங்கள். மின்னொளி பெரிய ஆட்களுக்கு இருக்கட்டும். பெரிய ஆண்களுக்கு 20 நிமிடம் வீதம் ரெண்டு பாதி என்றால் சப்-ஜூனியருக்கு 15 நிமிடம்தான் என்று விதியே குறைத்து வைத்திருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நாலாவது ஆட்டம் ஆடுகிற பிள்ளை எப்படி விழத் தெரிந்து விழுவான்?

நடுவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுப் புள்ளியை மட்டும் பார்க்கிறார். கழுத்தை நெரிப்பது, வாயைப் பொத்துவது, காலால் கத்தரி போடுவது எல்லாம் ஃபவுல் என்று கபடி விதியிலேயே இருக்கிறது. பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் உண்டு. டிவியில் பார்த்துக் கைதட்டுகிறோம், நம்ம ஊர்க் களத்தில் அந்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. அட்டைதான் இல்லை என்றால் சொல்லுங்கள், மூன்று கலரிலும் லேமினேட் பண்ணித் தருகிறேன்.

லைட் போஸ்டைக் கோட்டிலிருந்து தள்ளி நடுங்கள். கோட்டை ஒட்டிச் சேர் போட்டு உட்காரும் பெரிய மனிதர்களையும் தள்ளியே உட்கார வையுங்கள், அந்தச் சேர் கால் எத்தனை பேர் முழங்காலைக் கிழித்திருக்கிறது. இன்னொரு பயமும் இருக்கிறது, அதை வெளியே சொல்ல எல்லோரும் தயங்குகிறோம். ஆட்டம் தகராறாகி, பனியன் கலரையும் கையில் கட்டிய கயிறையும் பார்த்து அடி விழுகிற பயம். எந்த ஊர்த் தாய்க்கும் முழங்கால் பயத்தைவிட அதுதான் பெரிசு. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தலையில் அடி பட்டால் என்ன செய்வது என்பதுதான் முக்கியம். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு பையன் பாடிப்போன இடத்தில் பிடிபட்டு விழுந்து, களத்திலேயே உயிர் போய்விட்டது. அந்த வீடியோவை நாம் எல்லோரும் ஃபார்வர்டு பண்ணினோம். அதற்கு அப்புறம் உங்களில் யாராவது எதையாவது மாற்றினீர்களா? தலையோ கழுத்தோ அடிபட்டவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அசையாமல் படுக்க வையுங்கள். எழுந்துவிட்டால் என்ன ஊர், யாரோடு ஆட்டம், ஸ்கோர் என்ன என்று கேளுங்கள். ஒரு பதில் தடுமாறினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. பதில் சரியாகச் சொன்னாலும், சந்தேகம் இருந்தால் முடிந்ததுதான். வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் 108. பெரிய ஆஸ்பத்திரி நம்ம பக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் என்பதை நினைவில் வைத்து, 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். முடிவு எடுக்கிற ஆள் அணிக் கேப்டனாகவோ, மைக் அண்ணாச்சியாகவோ இருக்கக் கூடாது. டை ஆட்டத்தில் அவர்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்? ஊரில் ஒரு நர்ஸம்மா, ஒரு பி.டி. சார் யாராவது இருப்பார்கள், அவர்கள் கையில் கொடுங்கள்.

இதெல்லாம் செலவு என்பீர்கள். போன கொடைக்கு வான வெடிக்கு எவ்வளவு ஆனது என்று வரவு செலவுத் தாள் அடித்ததும் நான்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பையனை விளையாட விடுகிறேன். கட்டு கட்டவும் விழவும் சொல்லிக்கொடுக்கிற ஒரு கோச்சிடம் வாரம் மூன்று நாள் அனுப்புகிறேன். பள்ளிக்கூட ஆட்டத்துக்குப் போவான். உங்கள் ஊர் ஆட்டத்துக்கு வருவானா என்பது நோட்டீஸைப் பார்த்துத்தான்.

ஆடிக் கொடைக்கு அடிக்க வருவீர்கள். பழைய ஃபைலைத் திறந்து அந்தக் கடைசி வரியை அழித்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் வயது, எடை, ஆட்டம் முடிகிற நேரம், முதலுதவி பார்க்கிறவர் பெயர் எல்லாம் போடலாம். இடம் போதவில்லை என்றால் ஸ்பான்சர் போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம். கூட அடிக்கிற வரிகளுக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீஸ் அடிக்கும் அக்கா