எண்ணலாம், எடை போட முடியாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த காற்றுத்துகள் கட்டுரையைப் படித்தேன். துகளை ஒவ்வொன்றாக லேசரால் உடைத்து, வரும் அயனிகளை நிறைவாரியாகக் கோடுகளாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இரண்டு பக்கத்தில் புரியவைப்பது லேசான வேலை இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரி உறுத்தியது: 'உயரமாக நிற்கும் கோடு பொட்டாசியம், இந்தத் துகளில் அதிகம் இருப்பதும் அதுவே.' அந்தக் கருவியோடு சில வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் எழுதுகிறேன், அப்படிச் சொல்ல முடியாது.

பொட்டாசியமும் சோடியமும் எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும். லேசர் பட்டதும் முந்திக்கொண்டு அயனியாகிவிடும். துளியூண்டு இருந்தாலும் அவற்றின் நிறை எண்களான 39-இலும் 23-இலும் கோடு கூரையை முட்டும். துகளின் பெரும்பகுதியாக இருக்கும் கரிமச் சேர்மங்களோ பக்கத்தில் குட்டையாக நிற்கும். இன்னென்ன இருக்கிறது என்று கருவி பளிச்சென்று சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் மழுப்பும்.

அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது காற்றில் செல்லாது. இப்போது வந்த துகள் புகைக்கரி என்றால் அடுத்தது கடல் உப்பாக இருக்கும். வடிதாளில் பிடித்து மொத்தமாகக் கரைத்துப் பார்த்தால் எது எதோடு ஒட்டி வந்தது என்ற விவரம் போய்விடும்.

கடல் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அலையிலிருந்து அப்போதுதான் தெறித்தது என்றால் நேர் அயனிப் பக்கம் 23-இல் சோடியமும், எதிர் அயனிப் பக்கம் 35, 37-இல் குளோரினும் தெரியும். வேறு சில நாட்களில் அந்தக் குளோரின் கோடுகள் இரண்டும் ஒடுங்கி, 46-இலும் 62-இலும் நைட்ரேட் எழுந்து நிற்கும். வழியில் நைட்ரிக் அமிலம் சேர்ந்து, குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகப் பறந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு துகள் தான் வந்த பாதையைச் சொல்கிறது. நான் திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததெல்லாம் இதற்காகத்தான். சொல்லி முடித்த துகள் மிஞ்சாது, லேசரிலேயே சிதறிவிடும்.

இந்தக் கருவியின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. விமானத்தில் ஏற்றி, வளிமண்டலத்தின் இரண்டாம் அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரின் துகள்களை ஒவ்வொன்றாகப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் டேனியல் மர்ஃபி குழுவினரின் ஆய்வு 2023-இல் வெளியானது. 120 நானோமீட்டருக்கு மேற்பட்ட கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 சதவீதத்தில், வளிமண்டலத்துக்குள் திரும்பி விழுந்து எரிந்த செயற்கைக்கோள், ராக்கெட் பாகங்களின் அலுமினியம் முதலான உலோகங்கள் இருந்தன. 'பத்தில் ஒன்று' என்ற இந்தக் கணக்கை வடிதாளால் தந்திருக்க முடியாது.

துகளின் அளவை எப்படி அறிகிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இரண்டு லேசர் கதிர்களைக் கடக்க அது எடுக்கும் நேரம்தான் கணக்கு. சின்னது வேகமாகப் பாயும். சரி, இடமில்லாமல் விட்டிருப்பீர்கள். படக்குறிப்பை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆய்வக ஊழியர் ஒருவர்