கேஸ்கெட்டை மறந்த கணக்கு

திருநகர், மதுரை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். திருவிழாக் கூட்டத்தில் வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. அந்தச் சாக்கில் என் எஸ்டீம் காரின் இன்ஜினில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் போட்டேன். வீட்டில் கிடைத்த திட்டு தனிக்கதை.

சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் கேஜ் 190 பி.எஸ்.ஐ. காட்டுகிறது, வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஆல் வகுத்தால் 13 வருகிறது, அதுதான் கம்ப்ரெஷன் ரேஷியோவா என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா. பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள இடம், அது மேலே வந்ததும் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் ரேஷியோ. காற்றை அமுக்கும்போது அது சூடாகி, அழுத்தம் ரேஷியோவைத் தாண்டி எகிறும். போதாததற்கு நீ மாற்றிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), காற்று நுழையும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுகிறது. பிஸ்டன் மேலே கிளம்பிய பிறகும் கொஞ்சம் காற்று வந்த வழியே போய்விடும். ஒன்று கூட்டும், ஒன்று குறைக்கும். நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேஜ்.

என் கூத்தைக் கேள். லேத் பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி பேசிங் செய்து கொடுத்துவிட்டு, "அண்ணே, ரேஷியோ இப்ப 11 தாண்டிருச்சு" என்றார்கள். சரி, ஹெட்டுக் குழியின் கொள்ளளவை அளந்தே பார்ப்போம் என்று ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை இறுக்கி, வால்வு ஓரங்களில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டால் மூடி, மருந்துக்கடை சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டேன். ஒரே ஒரு குமிழி மூலையில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. ஹெட்டைச் சாய்த்துச் சாய்த்து அதை ஓட்டைக்குக் கொண்டுவரக் கால் மணி நேரம்! 27.2 சி.சி. பிடித்தது.

பிஸ்டன் தலைக்குழியும் அதற்கு மேலே உள்ள இடைவெளியும் சேர்ந்து 4.5 சி.சி. சிலிண்டரின் குறுக்களவு (போர்) 74, பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 75.5 மி.மீ.; ஆக ஒரு சிலிண்டருக்கு 324.7 சி.சி. கணக்குப் போட்டால் 11.2! பட்டறைக்காரர் வாக்கு பலித்ததே என்று தெம்பாகப் படுத்தேன். நடுராத்திரியில்தான், ஹெட்டுக்கு அடியில் வைத்து இறுக்கும் கேஸ்கெட் தகடு ஞாபகம் வந்தது. நசுங்கிய பிறகும் அது 1.2 மி.மீ. கனம், துளை 75 மி.மீ. அதற்கே 5.3 சி.சி. ஆகிறது. இப்போது மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 37. அதோடு 324.7-ஐக் கூட்டி 37-ஆல் வகுத்தால் 9.8-தான்.

வருத்தமில்லை. இந்த வெயிலில், சாதா பெட்ரோலில், 11 இருந்திருந்தால் நத்தம் மேம்பாலம் ஏறும்போதே பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் நாக்கிங் அடித்திருக்கும்.

ஆடிக்கு ஊருக்கு வரும்போது உன்னுடையதையும் அளந்துவிடலாம். அதற்குள் ஹெட்டைக் கழற்றினால் பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதே. நசுங்கிய கனத்தை அதில்தான் அளக்க முடியும்.

உன்
பங்காளி