தூங்குமூஞ்சி மரத்தை விட்டுவிடுங்கள்: எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கம் குடியிருக்கும் எங்கள் தெரு நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தூங்குமூஞ்சி மரத்தில் வக்கா, மடையான் என்ற கொக்கு இனப் பறவைகள் கூடு கட்டியிருப்பதால் வைரஸ் பரவுமாம், கிளைகளைக் கழித்துவிடலாமாம். வரும் கூட்டத்தில் தீர்மானம் என்று கேள்விப்பட்டேன். எச்சம் விழுந்து பைக் சீட் நாறுகிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சலைக் காரணம் காட்டாதீர்கள்.

உங்கள் பயம் வெறும் வாட்ஸ்அப் புரளி என்று தள்ளிவிட மாட்டேன். காய்ச்சல் தரும் வெஸ்ட் நைல் வைரஸ் பறவைகளில் பெருகுவதுதான். 2019இல் மலப்புரத்தில் ஒரு சிறுவன் அதற்குப் பலியானான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் கொக்கு இனங்களில் வளர்வதுதான். இந்தியாவில் அந்த நோய் மனிதரிடம் முதலில் தெரியவந்ததே 1955இல், நம் வேலூர்ப் பக்கம். ஆனால் கொக்கு மரத்தில் உட்கார்ந்திருப்பதால் நமக்கு நோய் வராது. ஒரு கொசு பறவையைக் கடித்து, வைரஸ் தன் உடம்பில் பெருகும்வரை பல நாள் பிழைத்திருந்து, அப்புறம் நம்மைக் கடிக்க வேண்டும்.

அது டெங்குக் கொசு இல்லை. டெங்குக் கொசு பகலில் வரும், மனித ரத்தத்தையே தேடும். ராத்திரி விளக்கணைத்ததும் காதோரம் பாடுகிறதே, அந்தக் கியூலெக்ஸைத்தான் சொல்கிறேன். நம் தெருவில் அது பிறப்பது சாக்கடையில். கோழி, காக்கா, மாடு, மனிதர் என்று கிடைத்ததைக் கடிக்கும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரத்தில் இதன் நெருங்கிய சொந்தக்காரக் கொசுவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. கோடைத் தொடக்கத்தில் அங்கே அந்தக் கொசு ராபின் பறவைகளையே விரும்பிக் கடித்தது. கோடை முடிவில் ராபின்கள் கலைந்து போனதும் மனிதரைக் கடிப்பது ஏழு மடங்கு கூடியது. ஊர் வேறு, பறவை வேறு, சரி. ஆனால் வக்காவை விரட்டினால் நம் தெருக் கொசு பட்டினி கிடக்கப் போகிறதா என்ன? மொட்டை மாடியில் நாம்தானே படுத்திருக்கிறோம்!

கால்வாயில் ஆகாயத்தாமரையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பாருங்கள். புகைக்கரித் துணுக்கு மிதப்பதுபோல முட்டைக் கொத்துகள் தெரியும். ஒரு கொத்தில் நூறு, இருநூறு முட்டை. நம் வீட்டு செப்டிக் டேங்குகளும் சளைத்தவை அல்ல. காற்றுக்குழாய் வாய் திறந்தே கிடக்கிறது, சாயங்காலம் அதன் வழியாகத்தான் கொசுக்கள் கிளம்பி வருகின்றன. ஒரு துண்டு நைலான் வலையும் கட்டுக்கம்பியும் போதும்.

இன்னொன்று. முட்டையோடு கூட்டைக் கலைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக் கணக்கில் சேரும். சங்கத்துக்கு அந்த வம்பு எதற்கு?

தீர்மானத்தை இப்படி மாற்றுங்கள்: வீட்டுக்கு வீடு குழாய்க்கு வலை, உடைந்த வடிகால் மூடிகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார். வலைக்கு என் பங்குப் பணத்தைத் தந்துவிடுகிறேன். மரம் கழிக்க ஆள் பேசியிருந்தால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.