இறக்குமதித் தீர்வையைக் கட்டுவது அயல்நாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் பல ஆண்டுகளாக மளிகை மொத்த வணிகம் செய்துவருகிறேன். 2025 ஆகஸ்டு மாதத்திலிருந்து நம் செய்தித்தாள்களில் 'இந்தியா மீது அமெரிக்கா 50 சதவீத வரி' என்ற தலைப்பைத் திரும்பத் திரும்பக் கண்டோம். இதைப் படிக்கும் எவருக்கும் அந்த வரியை இந்தியாதான் கட்டுகிறது என்ற எண்ணமே எழும். என் கடைக்கு வரும் படித்த பெரியவர்கள்கூட அப்படியே பேசுகிறார்கள். வரியின் பாரம் உண்மையில் யார் தலையில் இறங்குகிறது என்பதை, சரக்கோடு நாள்தோறும் பழகுகிறவன் என்ற முறையில் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டுச் சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, அதை விடுவித்து எடுக்கும் இறக்குமதியாளர் அந்நாட்டுக் கருவூலத்தில் கட்டும் பணமே இறக்குமதித் தீர்வை. அயல்நாட்டு அரசு அதில் ஒரு காசும் கட்டுவதில்லை. கட்டியவர் அதைத் தம் கைப்பணமாக விட்டுவிடவும் மாட்டார். விற்கும் விலையை ஏற்றுவார். அல்லது நம்மிடம் வாங்கும் விலையை இறக்குவார். இரண்டும் முடியாவிட்டால்தான் தம் லாபத்தைக் குறைத்துக்கொள்வார். ஆக, இரண்டு நாட்டு அரசுகளுக்கு இடையிலான வழக்கில் அபராதம் கட்டுகிறவர்கள் அங்கே ஒரு குடும்பத்தலைவியும் இங்கே ஓர் இறால் பண்ணைக்காரரும்தான்.

அந்தப் பண்ணைக்காரர்களில் ஒருவர் என் மைத்துனர். கிள்ளைக்கு அருகே இரண்டு குட்டைகளில் வனாமி இறால் வளர்க்கிறார். 2025 ஜூன் நடுவில் குஞ்சு விட்டார். குஞ்சு விட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 100 நாள் தீவனம் போட்டு, இரவெல்லாம் காற்றேற்றும் இயந்திரத்தை ஓடவிட்டு, வெள்ளைப்புள்ளி நோய் வராமல் காத்தால்தான் விலை போகும் அளவுக்கு இறால் தேறும். முதல் 25 சதவீத வரி ஆகஸ்டு 7-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் அறிவிக்கப்பட்ட இரண்டாவது 25 சதவீதம் ஆகஸ்டு 27-இல் வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே 21 நாள் அவகாசம். பாதி வளர்ந்த இறாலைக் குட்டையில் வைத்திருப்பவர் அந்த 21 நாளில் என்ன செய்ய முடியும்?

இறாலுக்கு விலை 'கவுண்ட்' கணக்கில் பேசப்படுகிறது. ஒரு கிலோவுக்கு 40 இறால் நின்றால் ஒரு விலை, 100 நின்றால் மிகக் குறைந்த விலை. வரி வருவதற்குள் பிடித்துவிட்டால் இறால் சிறுத்திருக்கும். காத்திருந்தால் தீவனக் கடனும் மின்கட்டணமும் ஏறும், விலையோ இன்னும் இறங்கலாம். ஒரு குட்டையை முன்கூட்டியே பிடித்துவிடுவது என்று அவர் முடிவெடுத்த இரவில் நானும் கரையில் நின்றேன். ஐஸ் பெட்டிகளோடு வேன் வந்து நின்றது. வலையிலிருந்து கூடைக்கும் கூடையிலிருந்து தராசுக்கும் இறால் போய்க்கொண்டிருக்கையில், வியாபாரி கைப்பேசியில் பேசிவிட்டு வந்து, காலையில் சொன்ன விலை இப்போது இல்லை என்றார். குட்டையிலிருந்து வெளியே எடுத்த இறாலைத் திருப்பி விட முடியுமா? "மாமா, குஞ்சு விட்டப்ப இருந்த விலையை நம்பித்தானே தீவனத்தைக் கடனா வாங்கினேன்" என்று என் மைத்துனர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த இறாலின் வழியைப் பார்த்தால் நாடுகளின் வணிகம் எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்பது தெரியும். வனாமி நம் கடலின் இறால் அன்று. 2009-இல் இந்தியாவில் அதை வளர்க்க அனுமதி கிடைத்தது. இன்றும் தாய் இறால்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே விமானத்தில் வருகின்றன. சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. அவற்றின் குஞ்சுகள் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளர்ந்து, உறைய வைக்கப்பட்டு, மீண்டும் அமெரிக்காவுக்கே கப்பலேறுகின்றன. 2024-25 நிதியாண்டில் இந்தியக் கடலுணவு ஏற்றுமதியின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் முதலிடம் உறைந்த இறாலுக்கு. அந்த இறாலை வாங்குவதில் முதலிடம் அமெரிக்காவுக்கு. நம் இறால் மீது ஏற்கெனவே பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வையும் (மிக மலிவான விலையில் சரக்கைக் குவிப்பதைத் தடுக்கப் போடுவது) மானிய ஈட்டுத் தீர்வையும் (அரசு மானியத்தால் மலிவாவதை ஈடுகட்டப் போடுவது) இருந்த நிலையில், அவற்றின் மேல் இந்த 50 சதவீதமும் ஏறியது. போட்டி நாடான ஈக்வடாருக்கு அதே ஆகஸ்டில் விதிக்கப்பட்டது 15 சதவீதமே. இரு நாட்டு விவசாயிகளும் ஒரே தரத்தில் வளர்த்தாலும், ஒருவர் சரக்கு மட்டும் துறைமுகத்திலேயே விலை போகாமல் போனது. பல ஆண்டுகள் பழகி உண்டான வணிக உறவு ஒருமுறை வேறு நாட்டுக்குப் போய்விட்டால், பிறகு வரி குறைந்தாலும் எளிதில் திரும்பாது என்பது வணிகம் அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அங்குள்ள நுகர்வோருக்காவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. 2025 நவம்பரில் காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலிய உணவுப்பொருள்களுக்கு அமெரிக்க அரசே இந்தப் புதிய வரிகளிலிருந்து விலக்கு அளித்தது. வரியை வெளிநாடே கட்டுகிறது என்றால், மளிகை விலையைப் பற்றி மக்கள் குமுறும் வேளையில் காப்பிக்கு விலக்கு எதற்கு? 2018-இல் அந்நாடு இறக்குமதிச் சலவை இயந்திரங்கள் மீது வரி விதித்தபோது நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொருளாதார அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டபோது, சலவை இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 86 டாலர் ஏறியிருந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் மீது வரியே இல்லை. ஆனாலும் இரண்டும் இணையாக விற்பவை என்பதால் அதன் விலையும் 92 டாலர் ஏறியது. உள்நாட்டு நிறுவனங்களும் சேர்ந்தே விலையை ஏற்றிக்கொண்டன. வரி இல்லாத பொருளும் வரியின் நிழலில் விலையேறும் என்பதை ஒரு வணிகனாக நானும் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவை மட்டும் குறைசொல்லி இக்கடிதத்தை முடித்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். நம் அரசும் இதையே செய்கிறது. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதித் தீர்வை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே நாளில் உயர்ந்தது. 100 ரூபாய் மதிப்புள்ள எண்ணெய் துறைமுகம் கடக்கும்போதே 127 ரூபாய் 50 காசு ஆனது. அந்தத் தொகையின் மீது 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தபோது 133 ரூபாய் 87 காசு ஆனது. வரிக்கும் சேர்த்தே வரி கட்டுகிறோம் என்பதை எண்ணெய் வாங்கும் எத்தனை பேர் அறிவார்கள்? ரசீதில் ஜி.எஸ்.டி. தெரிகிறது, இறக்குமதித் தீர்வை எங்கும் தெரிவதில்லை.

தீர்வை உயர்ந்த அன்று தீபாவளிக்கு ஏழு வாரம்கூட இல்லை. பழைய வரியில் வந்த எண்ணெய் 30 லட்சம் டன் அளவுக்கு இருப்பதாகவும், அது 45 முதல் 50 நாளுக்குப் போதும் என்பதால் அதுவரை விலையை ஏற்ற வேண்டாம் என்றும் மத்திய உணவுத் துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல அறிவுறுத்தல்தான். ஆனால் எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் அடுத்த திங்கட்கிழமையே புதிய விலைப்பட்டியல் அனுப்பிவிட்டார். பழைய விலைக்கு விற்றுவிட்டால் புதிய சரக்கு எடுக்கக் கையில் முதல் இருக்காது என்பது அவர் கணக்கு. அதைத் தவறென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நானும் ஏற்றித்தான் விற்றேன். தள்ளுவண்டியில் வடையும் பஜ்ஜியும் போடும் அக்கா ஒருவர் பதினைந்து கிலோ டின் வாங்க வந்தார். "நேத்து ஒரு விலை, இன்னிக்கு ஒரு விலையா தம்பி? நான் வடைக்கு விலை ஏத்தினா எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, டின்னை விட்டு ஐந்து லிட்டர் கேனோடு போனார். நியாயவிலைக் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கே கிடைத்தது உண்மை. அதனால் குடும்பங்கள் ஓரளவு தப்பின. அந்த வேறுபாட்டை மாநில அரசு சுமந்தது, அதாவது நம் வரிப்பணம் சுமந்தது. வண்டிக்கடை வைத்துப் பிழைப்பவருக்கு ஒரு குடும்ப அட்டைக்கான எண்ணெய் எத்தனை நாளுக்கு வரும்? 2025 மே இறுதியில் தீர்வை 16.5 சதவீதமாகக் குறைந்தபோது எண்ணெய் விலை இறங்கியது, ஆனால் ஏறிய வேகத்தில் இறங்கவில்லை.

எண்ணெய் வித்து விவசாயியைக் காக்கவே அந்த உயர்வு என்று சொல்லப்பட்டது. விருத்தாசலம் பக்கத்து நிலக்கடலை விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. தீர்வையே கூடாது என்றும் நான் சொல்லவரவில்லை. பண்ருட்டியில் முந்திரி உடைத்தும் தோல் நீக்கியும் பிழைக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு முந்திரிப்பருப்பு மலிவாக வந்து குவிந்தால் அவர்கள் வேலை போய்விடும். 2019-இல் பருப்பின் மீதான தீர்வை 45 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டதை அந்தத் தொழில் வரவேற்றதில் நியாயம் உண்டு. ஆனால் அதே தொழிற்கூடங்களுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் கொட்டை முந்திரியும் வேண்டும். அதன் மீது 2016-இல் 5 சதவீதத் தீர்வை போட்டுவிட்டு, 2018-இல் பாதியாகக் குறைத்தார்கள். உள்ளூர்த் தொழிலைக் காப்பதற்காக என்று போடும் தீர்வை அதே தொழிலின் மூலப்பொருளைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை.

பதிலுக்குப் பதில் வரி என்ற முழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கா 2018-இல் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டது. நாம் 2019 ஜூனில் அந்நாட்டு வாதுமை, அக்ரூட், ஆப்பிள் முதலியவற்றின் மீது கூடுதல் வரி போட்டோம். அவை நீங்க 2023 செப்டம்பர் ஆனது. அங்கே இரும்பில் தொடங்கிய பூசல் இங்கே பிள்ளைக்குப் பாதாம் பால் காய்ச்சும் வீட்டுக்குள் நான்கு ஆண்டு குடியிருந்தது. அதனால் இரும்பு ஆலைக்காரருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும்படி யாரும் சொன்னதில்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அன்று. 1674-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். 1690-இல் ஆங்கிலேயர் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினர். இருவரும் தேடி வந்தவற்றில் முதன்மையானது நம் நெசவாளர்களின் துணி. அந்தத் துணியையே பிரான்சு 1686-இல் தடைசெய்தது. அச்சிட்ட பருத்தித் துணி மீதான அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றித் தடுத்தது. பிரான்சில் தண்டனை கடுமையாக இருந்தும் கள்ளக் கடத்தலாக அத்துணி உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. மக்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றிய நாடு இது. வழிச்சுங்கம் மக்களை எப்படி அழுத்தும் என்பதை அறிந்திருந்ததால்தானே அந்தப் பெயர் நிலைத்தது?

மத்திய, மாநில அரசுகளிடம் நான் கேட்பவை நடக்கக்கூடியவை. உணவுப்பொருளின் மீதான தீர்வையை உயர்த்துவதானால் ஒரு சாகுபடிப் பருவத்துக்கு முன்பே அறிவித்து, படிப்படியாக உயர்த்த வேண்டும். அப்போது வித்து விவசாயியும் பயன்பெறுவார், வடை சுடுகிறவரும் தாங்கிக்கொள்வார். எண்ணெய்ப் பொட்டலத்தில் அதிகபட்ச விலையை அச்சிடுவதுபோல், அதில் இறக்குமதித் தீர்வையின் பங்கு எவ்வளவு என்பதையும் அச்சிடச் செய்ய வேண்டும். 2025 வரி உயர்வின்போது குட்டையில் இறால் வைத்திருந்த சிறு பண்ணையாளர்களின் வங்கிக் கடனுக்குத் தவணை நீட்டிக்க வேண்டும். கடனாகத் தீவனம் வாங்கியவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பண்ணையில் இறால் விலை விழுந்த அந்த வாரங்களில், கடலூர் மீன் அங்காடியில் நான் வாங்கிய இறாலுக்கு விலை குறையவில்லை. பண்ணை இறால் நேரே உறைநிலை ஆலைகளுக்கே போகிறது; கிள்ளையிலிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ குளிர்பதன வண்டியில் வந்து சில்லறையாக விற்க வழியில்லை. தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை நிலையங்கள் பண்ணையாளரிடம் நேரடியாக இறாலைக் கொள்முதல் செய்து நம் ஊர்களில் விற்றால், அயல்நாட்டு வரி எப்போது ஏறினாலும் பண்ணையாளருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கும். என் மைத்துனர் தை பிறந்ததும் மறுபடியும் குஞ்சு விடப் போவதாகச் சொல்கிறார். அந்த இறால் தேறும் நாளுக்குள் ஒரு வண்டியாவது ஓடட்டும்.

இப்படிக்கு,
மளிகை வணிகர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.