பாம்பனில் சாப்பிட்ட ஓரா

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். தாத்தா ஆகிவிட்டாய்! நம் பழைய கூட்டத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். நீ மட்டும்தான் இல்லை.

கோயில், தனுஷ்கோடி எல்லாம் நீ பார்த்ததுதான். 1914இல் திறந்த ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே இப்போது புதுப்பாலம் நிற்கிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுமாம். சரி, நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி.

முதல் நாள் மதியம் ஒரு பெரிய ஹோட்டலில் மீன் வறுவல் வாங்கி ஏமாந்தோம். மேலே கலர் பொடி தூக்கல், உள்ளே சதை பஞ்சு மாதிரி. சுற்றிலும் கடல் இருக்க, ஐஸ் மீனையா தின்பது என்று மனசு ஆறவில்லை. மறுநாள் சனிக்கிழமை. பாம்பனில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டோம். சந்துக்குள் ஒரு ஓலைக் கொட்டகையைக் காட்டினார். நாலு பெஞ்சு, பெயர்ப்பலகை கிடையாது.

வஞ்சிரம் கேட்டோம். "இன்னைக்கு நாட்டுப்படகு மீன்தான் தம்பி. ஓராவும் சூடையும் இருக்கு" என்றார் கடைக்கார அக்கா. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு இழுத்துப் போகும் பெரிய வலையான இழுவைமடி வந்தால் சின்ன வலைகள் அறுந்துபோகும், அதனால் வந்த ஏற்பாடு. வெள்ளி சாயங்காலம் போன நாட்டுப்படகுகள் சனி காலையில் கரை சேர்ந்திருந்தன. என்ன கிழமை என்று பார்த்து மீன் கேட்க வேண்டும் என்பது இத்தனை வயதில் எனக்குப் புதுப்பாடம்.

ஓரா கடற்புல்லும் பாசியும் மேய்கிற மீன். முதுகு முள் குத்தினால் தேள் கொட்டின மாதிரி கடுக்குமாம். அக்கா கத்திரியால் முதலில் அந்த முள்வரிசையை நறுக்கிவிட்டுத்தான் மீனைக் கையில் பிடித்தார். குழம்பில் புளி குறைவு, அம்மியில் அரைத்த மல்லியும் சீரகமும், ரெண்டு துண்டு மாங்காய், இறக்கும்போது தேங்காய்ப்பால். விரல் பட்டதும் சதை முள்ளை விட்டு வெள்ளையாகக் கழன்று வந்தது. யாரும் பேசவில்லை. உன் அம்மா மண்சட்டியில் வைத்துத் தருவார்களே, அந்த வாசனை அடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம், உன் மகளைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். "பால்சுறா புட்டு கொடுக்கச் சொல்லுங்க. பூண்டு நிறைய, மிளகாய்க்குப் பதிலா மிளகு" என்றார். வேகவைத்துத் தோலை உரித்து உதிர்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஊர் மார்க்கெட்டில் கேட்டுப் பார்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு போகும், அக்கா கடையும் இருக்கும். பேரனுக்கு மூன்று மாதம் ஆகட்டும். நீ ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறு, சனி மதியம் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் மாப்ள