வயதையும் வழியையும் விட்டுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் நின்றபின் வரும் தொல்லைகளுக்கு ஹார்மோன் மருந்து எடுத்தால் மாரடைப்பு வரும் என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைப் படித்துவிட்டு, இரவெல்லாம் வியர்த்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கும் எத்தனை பெண்கள் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

அந்தப் பயம் 2002-இல் வந்தது. அமெரிக்காவின் 'உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் 0.625 மி.கி., மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோன் (புரோஜெஸ்டெரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற செயற்கை மருந்து) 2.5 மி.கி. சேர்ந்த மாத்திரை; மறுபாதிக்கு வெற்று மாத்திரை. இதயநோய் 29 சதவீதம் கூடியது என்று செய்தி பரவியது. எண்ணிக்கையில் பார்த்தால், 10,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் 30 பேர் என்பது 37 பேர் ஆனது. ஏழு பேர் என்பதும் சிறிய விஷயமில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த இடைவெளிதான் கட்டுரையில் விடுபட்டது. ரத்தக்குழாயின் உட்சுவர் நன்றாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதைத் தளர்த்திக் கொடுக்கிறது. கொழுப்பு ஏற்கெனவே படிந்துவிட்ட குழாயில் அந்தப் பலன் கிடைப்பதில்லை. ரத்தம் உறையும் ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள், தொல்லை அதிகமாக இருப்பவர்களுக்குத் தொடங்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். இதயத்தைக் காப்பதற்கென்றே ஹார்மோன் எடுக்கக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஆகாது.

அடுத்தது, மருந்து போகும் வழி. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறையவைக்கும் புரதங்களையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் ஜெல்லும் கல்லீரலைத் தாண்டி நேரே ரத்தத்தில் கலக்கின்றன. டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. பட்டையை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ உலர்ந்த தோலில் ஒட்டி, பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மார்பில் ஒட்டவே கூடாது. இடுப்பில் துணி உரசும் இடத்தில் ஒட்டினால் ஓரம் கிளம்பிவிடும், அளவும் குறையும். ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டும். கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் அதன் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம்; புரோஜெஸ்டெரோன் கட்டாயம்.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சட்டென்று ஏறுகிறது. வயிற்றைச் சுற்றிச் சதை போடுகிறது. நாற்பத்தைந்தில் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி ஐம்பத்திரண்டில் இருக்க முடியாது. கொழுப்பு, சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் அப்போது புதிதாகப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தை வீட்டில் பார்ப்பவர்கள் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து இரண்டு முறை அளக்கட்டும். சராசரி 135/85-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்திருந்தால், இருபது ஆண்டு ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய ஆபத்தைக் கணிக்க அது தேவை. 45-க்குள் மாதவிடாய் நின்றிருந்தாலும் அப்படியே. 40-க்குள் நின்றவர்கள் கதை வேறு: தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான சுமார் 51 வரை ஹார்மோன் கொடுப்பதே வழக்கம். அவர்களையும் இந்தக் கட்டுரை பயமுறுத்திவிட்டது.

படபடப்பு, மூச்சிரைப்பு, தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத களைப்பு எல்லாவற்றையும் 'மெனோபாஸ்தானே' என்று தள்ளிவிடுகிறார்கள். மாடி ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் அடங்கும் தொல்லை என்றால் முதலில் இதயத்தைத்தான் சோதிக்க வேண்டும். அடுத்த இதழில் இந்த விவரங்களைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி